ஊசி போட்டு அனுப்பிவிடாதீர்கள்: ஊர் டாக்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள டாக்டர்களுக்கு,

சிறு நகரங்களிலும் கிராமங்களிலும் கிளினிக் வைத்திருப்பவர்களுக்கும், ஆரம்ப சுகாதார நிலையங்களில் வேலை பார்ப்பவர்களுக்கும் இந்த மடலை எழுதுகிறேன். நான் நெஞ்சக நோய் மருத்துவர். அரசு மருத்துவமனையில் பணி. உங்களிடம் வருடக்கணக்கில் வந்துபோன நோயாளிகள்தான் கடைசியில் என் வார்டுக்கு வருகிறார்கள். நாம் நேரில் சந்தித்ததில்லை. ஆனால் நோயாளிகள் கொண்டுவரும் மஞ்சப்பைக்குள் உங்கள் சீட்டும் என் சீட்டும் ஒன்றாகத்தான் கிடக்கின்றன.

உங்கள் நிலைமை எனக்குத் தெரியும். நள்ளிரவில் மூச்சு முட்டிக் கதவைத் தட்டுகிறவருக்கு எழுந்து வந்து வைத்தியம் பார்ப்பவர் நீங்கள்தான். ஒருவருக்கு மூன்று நிமிடம் ஒதுக்குவதே பெரும்பாடு என்கிற கூட்டம் உங்களுக்கு. அந்த மூன்று நிமிடத்திலிருந்துதான் கொஞ்சம் கேட்கப்போகிறேன். ஏன் கேட்கிறேன் என்பதற்கு இரண்டு எண்களைச் சொல்ல வேண்டும்: 1.7, 2.4.

இந்தியாவில் நாள்பட்ட நுரையீரல் நோய்களின் சுமையை மாநிலவாரியாகக் கணக்கிட்ட ஆய்வு 2018-இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்தது. 1990-இல் நாட்டில் சுமார் 2 கோடியே 81 லட்சம் பேருக்கு இருந்த சி.ஓ.பி.டி. (நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய்) 2016-இல் 5 கோடியே 53 லட்சம் பேருக்கு ஆகியிருந்தது. ஆஸ்துமா சுமார் 3 கோடியே 79 லட்சம் பேருக்கு. உலக மக்களில் 18 சதவீதம் நாம். நாள்பட்ட நுரையீரல் நோய்களால் உலகம் இழக்கும் ஆரோக்கிய வாழ்நாளில் 32 சதவீதம் நம்முடையது. 2016-இல் மட்டும் சி.ஓ.பி.டி.யால் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இங்கே இறந்தார்கள். இதய நோய்க்கு அடுத்தபடியாக அதிகம் பேரைக் கொல்லும் நோய் இதுதான்.

மக்கள்தொகை கூடினால், முதியவர்கள் கூடினால், காற்று கெட்டால் நோயாளிகள் கூடத்தான் செய்வார்கள். என் தூக்கத்தைக் கெடுப்பது அதே ஆய்வில் உள்ள இன்னொரு கணக்கு. சி.ஓ.பி.டி. வந்த ஓர் இந்தியர், அதே நோய் வந்த சராசரி உலகவாசியைப்போல 1.7 மடங்கு ஆரோக்கிய வாழ்நாளை இழக்கிறார். ஆஸ்துமா வந்தவர் 2.4 மடங்கு. நோய் எத்தனை பேருக்கு வந்தது என்பது வேறு கணக்கு. இது நோய் வந்தபிறகு நடப்பதைச் சொல்கிற கணக்கு. தாமதமாகக் கண்டுபிடிப்பது, கண்டுபிடிக்காமலே விடுவது, கண்டுபிடித்தும் சரியான மருந்து போய்ச் சேராமல் இருப்பது என்று எல்லாம் அதில் அடக்கம். காற்றைச் சுத்தம் செய்வது உங்கள் கையிலும் இல்லை, என் கையிலும் இல்லை. இந்த 1.7-உம் 2.4-உம் பெருமளவு நம் கையில் இருக்கின்றன. நோயாளி முதலில் வருவது உங்களிடம் என்பதால், என்னைவிட உங்கள் கையில் அதிகம்.

ஓர் அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். ஊரும் பேரும் வேண்டாம். இவரைப்போல வாரம் ஒருவராவது எனக்கு வருகிறார். அறுபதை நெருங்கும் வயது. உதட்டைக் குவித்து, விட்டு விட்டு மூச்சை வெளியே தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நகக்கண்கள் நீலம் பாரித்திருந்தன. காலில் வீக்கம், விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. முகம் மட்டும் உருண்டையாக, பார்வைக்குச் செழிப்பாக இருந்தது. அந்த உருண்டை முகம் எதனால் வருவது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அவருடைய மகன் பையைக் கவிழ்த்துக் காட்டினார். பதினைந்து வருடச் சீட்டுகள். பெரும்பாலானவற்றில் "வீசிங்" என்று எழுதியிருந்தது. சிலவற்றில் "அலர்ஜி", சிலவற்றில் "நெஞ்சுச் சளி". டெரிஃபிலின், டெக்சா ஊசிகள் திரும்பத் திரும்ப வந்தன, சல்புட்டமால் மாத்திரை, மழைக்காலந்தோறும் ஒரு ஆன்டிபயாட்டிக். நடுவில் ஆறு மாதம் காசநோய் மாத்திரை. சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை என்ற தாளும் அதே பையில் இருந்தது. ஒரு சீட்டில்கூட இன்ஹேலர் இல்லை. நுரையீரல் ஊதுப் பரிசோதனை செய்த தாள் ஒன்றும் இல்லை. சர்க்கரை மட்டும் நான்கு வருடங்களுக்கு முன் புதிதாக வந்து சேர்ந்திருந்தது.

"பீடி, சிகரெட்டு, பொடி, வெத்தல ஒண்ணும் கெடயாது சார்" என்றார் மகன். அவர் சொன்னது உண்மைதான். அந்த அம்மாவிடம் அடுப்பைப் பற்றிக் கேட்டேன். எட்டு வயதில் அடுப்பு முன்னால் உட்கார்ந்தவர். கருவேலங்கட்டை, தென்னமட்டை, வறட்டி என்று கிடைத்ததை எரித்திருக்கிறார். கூரை தாழ்ந்த சமையலறை, ஜன்னல் இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு கூலிக்கு நெல் அவிக்கப் போயிருக்கிறார். அங்கே உமி அடுப்பு. கேஸ் இணைப்பு வந்தபோது வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அப்போதும் சோறு மட்டும் விறகில்தான். சிலிண்டர் இரண்டு மாதமாவது வர வேண்டுமே என்ற கணக்கு.

புகைபிடிக்காதவருக்கு சி.ஓ.பி.டி. வராது என்று நம்மில் பலருக்குக் கல்லூரியிலேயே பதிந்துபோனது. அந்தப் பாடம் மேலைநாட்டு நோயாளிகளை வைத்து எழுதப்பட்டது. புகைபிடிக்காதவர்களின் சி.ஓ.பி.டி. பற்றிப் புனேயின் சந்தீப் சால்வியும் லண்டனின் பீட்டர் பார்ன்ஸும் 2009-இல் லான்செட்டில் எழுதிய கட்டுரை இதை விரிவாகப் பேசியது: உலகில் புகைபிடிப்பவர்கள் சுமார் 100 கோடி, விறகு, வறட்டிப் புகையில் வாழ்பவர்கள் சுமார் 300 கோடி. நம் நாட்டுக் கணக்கும் அதைத்தான் சொல்கிறது. 2016-இல் இந்தியாவின் சி.ஓ.பி.டி. சுமையில் 53.7 சதவீதம் காற்று மாசால், வீட்டுக்குள் எழும் புகையும் வெளிக்காற்றும் சேர்த்து, புகையிலையால் 25.4 சதவீதம், வேலை செய்யும் இடத்துத் தூசி, புகையால் 16.5 சதவீதம். அடுப்புப் புகையை விஞ்ஞான முறையில் முதலில் அளந்தவர்களில் ஒருவரான கிர்க் ஸ்மித் தன் கருவிகளை எடுத்துக்கொண்டு போனது குஜராத் கிராமங்களுக்கு. அந்த ஆய்வு 1983-இல் வெளிவந்தது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணனும் அவருடைய குழுவினரும் தமிழக கிராமச் சமையலறைகளில் பல ஆண்டுகளாக இதே வேலையைச் செய்துவருகிறார்கள். அளந்து சொல்லியாகிவிட்டது. நம் சீட்டுகளுக்குத்தான் அது இன்னும் வந்து சேரவில்லை.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி சுத்தமான எரிபொருளில் சமைக்கும் வீடுகள் நாடு முழுவதும் 58.6 சதவீதம். தமிழ்நாட்டில் எண்பதைத் தாண்டிவிட்டது. இது பெரிய மாற்றம். வாழ்த்தி வரவேற்க வேண்டியது. ஆனால் இன்று நம்மிடம் வரும் ஐம்பது, அறுபது வயதுப் பெண்களின் நுரையீரலில் இருப்பது பழைய அடுப்பின் கணக்கு. சுருங்கிய மூச்சுக்குழாய், கேஸ் அடுப்பு வந்ததும் விரிந்துவிடாது. அடுத்த இருபது ஆண்டுகளுக்கு இவர்கள் நம்மிடம் வந்துகொண்டுதான் இருப்பார்கள்.

ஆகவே என் முதல் வேண்டுகோள் ஒரு கேள்வி. மூச்சிரைப்பு என்று வருகிற ஒவ்வொருவரிடமும் "பீடி உண்டா?" என்பதோடு "எந்த அடுப்பு, எத்தனை வருஷம்?" என்றும் கேளுங்கள். கூடவே "என்ன வேலை?" என்பதையும். கல்குவாரி கிரஷரில் நின்றவர், நூற்பாலையில் பஞ்சுத் தூசியில் பதின்மவயதைக் கழித்தவர், செங்கல் சூளைக்காரர், மாவு மில்காரர், பரோட்டாக் கடை அடுப்படியில் நிற்பவர் என்று இவர்களில் யாரும் தன் வேலையைத் தானாகச் சொல்லமாட்டார். சொல்ல வேண்டிய விஷயம் என்றே அவருக்குத் தெரியாது. சிலிக்கோசிஸும் பிசினோசிஸும் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே அறிவிக்கப்பட வேண்டிய நோய்களாக இருந்தவை. அறிவிக்கிற மருத்துவர்தான் அரிது. அடுத்து, "முன்னால் டி.பி. வந்து குணமானதா?" என்று கேளுங்கள். காசநோய்க் கிருமி போய்விட்டாலும் அது விட்டுச்சென்ற தழும்பு, மூச்சுக்குழாய் அடைப்பாக மிச்ச ஆயுள் முழுக்க நீடிக்கலாம். உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இருக்கும் நாட்டில் இது சின்ன எண்ணிக்கை அல்ல. இப்படிக் குணமானவர் மறுபடி இருமிக்கொண்டு வந்ததும் மறுபடி ஆறு மாதம் டி.பி. மாத்திரை கொடுப்பது பெரும் கொடுமை. படுக்கையறையில் கொசுவர்த்தி எரிகிறதா என்றும் ஒரு வார்த்தை கேட்கலாம். ஒரு சுருள் எரிந்து முடியும்போது 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமமான நுண்துகள் வெளிவருவதாக 2003-இல் அளந்து வெளியிட்டிருக்கிறார்கள். கதவு, ஜன்னலை அடைத்துக்கொண்டு குழந்தையின் தலைமாட்டில்தான் அதை ஏற்றி வைக்கிறார்கள்.

இரண்டாவது, ஊதுப் பரிசோதனை. சர்க்கரையை ரத்தம் பார்க்காமல் யாரும் சொல்வதில்லை. ரத்த அழுத்தத்தைப் பட்டை கட்டாமல் சொல்வதில்லை. மூச்சுக்குழாய் அடைப்பை மட்டும் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தே முடிவுசெய்துவிடுகிறோம். ஸ்பைரோமீட்டரில் ஒரே மூச்சாக ஊதும்போது, மொத்தம் வெளியேறும் காற்றில் முதல் வினாடியில் 70 சதவீதமாவது வெளியே வர வேண்டும். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகும் வரவில்லையென்றால் நிலையான அடைப்பு இருக்கிறது. எக்ஸ்ரே இதைச் சொல்லாது. நோய் முற்றும்வரை எக்ஸ்ரே சுத்தமாகவே இருக்கலாம். எங்கள் பரிசோதனை அறையில் இருக்கும் செவிலியர், பாட்டிமாரிடம் "ஊதுகுழல்ல அடுப்பு ஊதுற மாதிரி, நிறுத்தாம ஊதுங்க" என்பார். டெக்னீஷியன் பத்து நிமிடம் விளக்கியும் ஊதத் தெரியாதவர்கள் அந்த ஒரு வார்த்தையில் சரியாக ஊதுவார்கள்.

உங்கள் கிளினிக்கில் இந்தக் கருவி இல்லை என்பது தெரியும். தனியாக ஒருவர் வாங்கி வைப்பதும் எளிதல்ல. ஆனால் பல ஊர்களில் ஐ.எம்.ஏ. கிளை இருக்கிறது. மாதக் கூட்டம் நடக்கிறது. இரவு விருந்தோடு புதிய மாத்திரை பற்றி உரையும் நடக்கிறது. கிளைக்குப் பொதுவாக ஒரு ஸ்பைரோமீட்டர், ஊதவைக்கப் பயிற்சி பெற்ற ஒரு செவிலியர், வாரத்தில் ஒருநாள் என்று ஏற்பாடு செய்தால் ஊரில் உள்ள எல்லா டாக்டர்களின் நோயாளிகளுக்கும் அது போதும். இல்லையென்றால் எங்களிடம் அனுப்புங்கள். 2022 ஜனவரியில் மட்டும் தமிழ்நாட்டில் பதினோரு அரசு மருத்துவக் கல்லூரிகள் புதிதாகத் திறக்கப்பட்டன. இன்று பெரும்பாலான மாவட்டங்களில் ஒரு பேருந்துப் பயணத் தூரத்தில் ஒரு கல்லூரி இருக்கிறது. ஒருமுறை ஊதவைத்து, தாளைக் கையில் கொடுத்து, உங்களிடமே திருப்பி அனுப்புவோம். இந்த நோயாளி உங்களிடம்தான் இருக்க வேண்டும். மாதாமாதம் ஐம்பது கிலோமீட்டர் பஸ்ஸில் வந்து என்னைப் பார்க்க வேண்டிய நோய் அல்ல இது.

அடுத்து இன்ஹேலர். இங்கேதான் நாம் அதிகம் தோற்கிறோம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே பேசுகிறேன்.

"பம்பு வேண்டாம் டாக்டர், பழகிடும்" என்று நோயாளி சொல்வார். பெண் பிள்ளையென்றால் "நாளைக்குக் கல்யாணம் பண்ணணும்" என்று தாய் சொல்வார். ஊசி போடாவிட்டால் அடுத்த தெரு டாக்டரிடம் போய்விடுவார்கள் என்பது உங்கள் பயம். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் சொல்லிப் பாருங்கள். ஒரு கணக்கைச் சொன்னால் பெரும்பாலானோர் கேட்டுக்கொள்கிறார்கள். சல்புட்டமால் மாத்திரை ஒன்றில் 4 மில்லிகிராம். இன்ஹேலரில் ஒருமுறை அழுத்தினால் 100 மைக்ரோகிராம், இரண்டு முறைக்கு 200. ஒரு மாத்திரையில் இருப்பது அதைப்போல இருபது மடங்கு. மாத்திரை வயிற்றுக்குப் போய், ரத்தத்தில் கலந்து, உடம்பெல்லாம் சுற்றி, கை நடுக்கமும் படபடப்பும் கொடுத்துவிட்டு நுரையீரலுக்குக் கொஞ்சம்போல வந்து சேர்கிறது. பம்பு, போக வேண்டிய இடத்துக்கு நேராகப் போகிறது. "இதுல மருந்து ரொம்பக் கம்மிம்மா" என்று சொல்லி மாத்திரையையும் பம்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால், படிக்காத பாட்டிக்கும் விளங்குகிறது.

விலை பற்றிச் சொல்வீர்கள். சல்புட்டமால், புடசோனைடு, டையோட்ரோபியம் எல்லாம் தேசிய அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் இருப்பவை. மக்கள் மருந்தகத்திலும் அரசு மருந்தகத்திலும் என்ன இருக்கிறது என்று ஒருமுறை விசாரித்து, அதையே எழுதுங்கள். இல்லாததை எழுதினால் நோயாளி வாங்கமாட்டார். வாங்காததை நம்மிடம் சொல்லவும் மாட்டார்.

எழுதிக்கொடுத்தால் மட்டும் போதாது. இன்ஹேலரைக் கையில் கொடுத்து, எப்படி இழுக்கிறார் என்று நீங்கள் கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்தால் அதிர்ந்துபோவீர்கள். மூடியைத் திறக்காமல் அழுத்துபவர், நாக்கில் அடித்துக்கொள்பவர், இழுக்க வேண்டிய நேரத்தில் ஊதுபவர், ரோட்டாகேப்ஸைத் தண்ணீரோடு விழுங்குபவர் என்று அத்தனை பேரும் இருக்கிறார்கள். அழுத்தும் இன்ஹேலரைக் குலுக்கி, மூச்சை முழுக்க வெளியே விட்டு, மெதுவாக இழுக்கத் தொடங்கும்போது அழுத்தி, பத்து எண்ணும்வரை அடக்க வேண்டும். பவுடர் இன்ஹேலரை வேகமாக, ஆழமாக இழுக்க வேண்டும். கருவிக்குள் ஊதிவிடக் கூடாது. ஸ்டீராய்டு இருந்தால் வாய் கொப்பளிக்க வேண்டும். இதை நீங்களே சொல்லித்தர வேண்டும் என்பதில்லை. உங்கள் கம்பவுண்டரோ நர்ஸோ இரண்டு நிமிடத்தில் சொல்லித்தரலாம். ஒவ்வொரு வருகையிலும் ஒருமுறை இழுத்துக்காட்டச் சொல்லலாம்.

ஸ்பேசர் வாங்க வசதியில்லாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் ஹெதர் ஸார் என்ற குழந்தைகள் நல மருத்துவர் அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலையே ஸ்பேசராக்கி, ஆஸ்துமாக் குழந்தைகளிடம் சோதித்தார். கடைகளில் விற்கும் ஸ்பேசருக்கு இணையாக அது வேலை செய்ததை 1999-இல் லான்செட்டில் வெளியிட்டார். பாட்டிலின் அடியில் இன்ஹேலரின் வாய்ப்பகுதி இறுக்கமாகப் பொருந்தும் அளவுக்குச் சூடான கம்பியால் துளை போட வேண்டும். பாட்டிலின் வாயைக் குழந்தை உதடுகளால் கவ்விக்கொள்ள, அடியில் இன்ஹேலரைச் செருகி அழுத்தினால் மருந்து உள்ளே நிறையும். குழந்தை நிதானமாக மூச்சு விட்டு இழுக்கும். எங்கள் வார்டில் இதைச் செய்துகொடுக்கிறோம். நோயாளியின் வீட்டார் பார்த்துக் கற்றுக்கொண்டு, அடுத்ததை அவர்களே செய்துவிடுகிறார்கள்.

ஆஸ்துமாவைப் பற்றித் தனியாக ஒன்று. இந்தியாவில் பல நகரங்களில் நடந்த உலக ஆஸ்துமா வலையமைப்பின் ஆய்வு 2022-இல் வெளிவந்தது. வீசிங் இருந்தவர்களில் 82 சதவீதம் பேருக்கும், கடுமையான அறிகுறிகள் இருந்தவர்களில் 70 சதவீதம் பேருக்கும் ஆஸ்துமா என்று எந்த மருத்துவரும் சொல்லியிருக்கவில்லை. கடுமையான அறிகுறி இருந்தவர்களில் தினமும் ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுத்தவர்கள் 5 சதவீதத்துக்கும் குறைவு. 2.4 மடங்கு எங்கிருந்து வருகிறது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை. சல்புட்டமாலை மட்டும் கொடுத்து ஆஸ்துமாவைச் சமாளிப்பதை 2019-லேயே கினா என்ற சர்வதேச ஆஸ்துமா வழிகாட்டுதல் கைவிட்டுவிட்டது. திணறல் அடங்கும்; வீக்கம் அடங்காது; ஒருநாள் இரவு அந்த வீக்கம் பள்ளிக்குப் போகும் பிள்ளையைக் கொன்றுவிடும். ஆஸ்துமாவால் யாரும் சாக வேண்டிய அவசியமே இல்லாத காலத்தில் நாம் இருக்கிறோம்.

டெக்சா ஊசியைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். திடீர்த் தீவிரத்தில் சில நாட்கள் ஸ்டீராய்டு கொடுப்பது சரியான வைத்தியம், உயிர் காப்பது. மாதம் இருமுறை வருகிறவருக்கு மாதம் இருமுறை கொடுப்பது எலும்பையும் சர்க்கரையையும் கண்ணையும் விலையாக வாங்கிக்கொண்டு மூச்சை வாடகைக்கு விடுவது. ஒருவர் ஒரே வருடத்தில் இரண்டாவது முறை ஊசிக்கு வந்தால், அவருக்கு இருப்பது தொடர்நோய். அன்றைக்கே பெயர் சொல்லி, தொடர் மருந்து தொடங்கிவிட வேண்டும்.

அரசின் பங்கு என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். நிறைய இருக்கிறது. வீடுவீடாகப் போகும் சுகாதாரப் பணியாளர் நிரப்பும் தேசியப் படிவத்தில் மூச்சிரைப்பு உண்டா, எந்த எரிபொருளில் சமைக்கிறீர்கள் என்ற கேள்விகள் இருக்கின்றன. சர்க்கரை, ரத்த அழுத்தம், வாய், மார்பு, கருப்பைவாய்ப் புற்றுநோய் ஆகியவற்றுக்கு அந்தப் படிவத்தைத் தொடர்ந்து பரிசோதனை நடக்கிறது. மூச்சிரைப்புக்கு "ஆம்" என்று குறித்தவர் அதன் பிறகு எங்கே போக வேண்டும் என்ற பாதை பல இடங்களில் இல்லை. காப்பீட்டுத் திட்டம் அவரை ஐ.சி.யூ.வில் சேர்த்தால் பணம் கட்டுகிறது, ஐ.சி.யூ.வுக்கு வராமல் தடுக்கும் மாத இன்ஹேலருக்குக் கட்டுவதில்லை. 2023-இல் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட எம்.பி.பி.எஸ். கல்லூரிகளுக்கான குறைந்தபட்சத் தேவைகளில், கட்டாயத் துறைகளின் பட்டியலில் நெஞ்சக மருத்துவத் துறை இல்லை. நாட்டில் அதிகம் பேரைக் கொல்லும் நோய்களில் இரண்டாவதைக் கற்பிக்கும் துறை கட்டாயமில்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 2025 மே மாதம் ஜெனீவாவில் கூடிய உலக சுகாதாரப் பேரவை நுரையீரல் நலனுக்கு முன்னுரிமை கொடுக்கும் தீர்மானத்தை நிறைவேற்றியிருக்கிறது. அது நம் ஊர் துணை சுகாதார நிலையத்தில் ஒரு இன்ஹேலராக மாறும்வரை காகிதம்தான்.

இதெல்லாம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்று நான் நம்புவதற்கு ஒரு காரணம் உண்டு. 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் ஆய்வு மையம் தொடங்கியபோது, காசநோயாளி என்றால் சானடோரியத்தில் படுக்கை, பால், முட்டை, நல்ல காற்று என்பதே உலகம் முழுக்க வைத்தியம். படுக்கைகளோ சொற்பம். சேத்துப்பட்டு மருத்துவர்கள் ஒரு பகுதி நோயாளிகளைச் சானடோரியத்திலும் இன்னொரு பகுதியைச் சென்னையின் நெரிசலான ஏழை வீடுகளிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டில் அரைவயிற்றுச் சாப்பாட்டோடும் வேலையோடும் மருந்து எடுத்தவர்கள், சானடோரியத்தில் இருந்தவர்களுக்குக் கிட்டத்தட்ட இணையாகவே குணமானார்கள். வீட்டில் மற்றவர்களுக்குத் தொற்றும் கூடவில்லை. 1959-இல் வெளியான அந்த முடிவு, உலகம் முழுவதும் காசநோய் வைத்தியத்தை மருத்துவமனைப் படுக்கையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தது. நுரையீரல் நோயைப் பெரிய மருத்துவமனைக்கு வெளியே, எளிய வீட்டில், ஒழுங்காக மருந்து கொடுத்தே வெல்லலாம் என்று உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்த ஊர் நம்முடையது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் சர்க்கரை மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் வாசலுக்கே கொண்டுபோகிறது. அந்தப் பையில் இன்ஹேலரும் ஏற வேண்டுமென்றால், இன்னாருக்கு இந்த நோய் என்று நீங்கள் எழுதிய பட்டியல் முதலில் வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கும் டாக்டர்களுக்கு இது தனி வேண்டுகோள்: சர்க்கரைக்கு வைத்திருப்பதுபோல மூச்சு நோய்க்கும் ஒரு பதிவேடு போடுங்கள். முப்பது பேர் கொண்ட பட்டியலோடு வட்டார மருத்துவ அலுவலரிடம் இன்ஹேலர் கேட்கும்போது அந்தக் கோரிக்கைக்கு எடை உண்டு.

கடைசியாக இறப்புச் சான்று. நாட்டில் பதிவாகும் இறப்புகளில் காரணத்தை மருத்துவர் சான்றளித்தவை 2020-இல் 22.5 சதவீதம் மட்டுமே. அந்தச் சான்றுகளிலும் எத்தனையோ "இதயமும் சுவாசமும் நின்றதால்" என்று முடிகின்றன. எல்லா மனிதரும் அப்படித்தான் இறக்கிறார்கள். அது காரணம் ஆகாது. நீங்கள் பத்து வருடம் பார்த்த பெரியவர் வீட்டில் இறந்தால், படிவம் 4ஏ-வில் கையெழுத்திடுவது நீங்கள். மூச்சு நின்றதற்குக் கீழ்வரியில், அடிப்படைக் காரணம் என்ற இடத்தில், சி.ஓ.பி.டி. என்று எழுதுங்கள்; தெரிந்தால் எத்தனை வருடம் என்றும் எழுதுங்கள். டெல்லியில் அடுத்த திட்டத்துக்குப் பணம் ஒதுக்கும்போது எண்ணப்படுவது அந்த வரிதான்.

நான் சொன்ன அம்மா இன்னும் இருக்கிறார். இரண்டு இன்ஹேலர், வீட்டில் ஆக்சிஜன் எந்திரம், ஒரு நாளில் பதினைந்து மணி நேரம் மூக்கில் குழாய். வீட்டுக்குள் நடக்கிறார், தெருவுக்கு வர முடிவதில்லை. பத்து வருடம் முன்னால் இன்ஹேலர் தொடங்கி, அடுப்பை மாற்றி, தடுப்பூசி போட்டு, மூச்சுப் பயிற்சி கொடுத்திருந்தால் அவர் இன்னும் வயலுக்கே போய்க்கொண்டிருந்திருக்கலாம். போன நுரையீரலை நான் மீட்டுத்தர முடியாது. மிச்சமிருப்பதைக் காப்பாற்றும் வாய்ப்பு, நோயாளி உங்களிடம் வரும் நாளில், உங்களிடம் மட்டுமே இருக்கிறது.

இந்த வாரத்திலிருந்தே தொடங்குங்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். இரண்டாவது முறை வீசிங் என்று வருகிற ஒவ்வொருவரையும் ஊசியோடு அனுப்பாமல், அடுப்பைக் கேட்டு, ஊதவைத்து, நோயின் பெயரைச் சொல்லி, இன்ஹேலரை இழுக்கப் பழக்கி, அடுத்த மாதம் வரச் சொல்லி அனுப்புங்கள். சந்தேகம் இருந்தால் உங்கள் மாவட்ட அரசு மருத்துவமனை நெஞ்சக நோய்ப் பிரிவுக்குச் சீட்டு எழுதுங்கள். நாங்கள் பார்த்து, பதில் எழுதி, உங்களிடமே திருப்பி அனுப்புகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் சக மருத்துவர்